கட்டியங்காரன் எடுத்த இன்டர்வியூ

வேலைக்கு நேர்காணல் வந்திருக்கிறது என்று யார் சொன்னாலும் இப்போதெல்லாம் நான் ஒரே பாட்டைத்தான் பாடுகிறேன். கேள்வி-பதில் புத்தகத்தை மூடி வை. பழைய புடவை ஒன்றை எடு. இரண்டு பேரை இரண்டு முனையில் பிடித்துக்கொள்ளச் சொல். நீ பின்னால் போய் நில். மிச்சத்தைக் கட்டியங்காரன் பார்த்துக்கொள்வான்!

கேட்பவர்கள் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். பார்க்கட்டும். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தத்துக்கு நடுவில் வளர்ந்து, ஏதோ ஒரு பட்டம் வாங்கி, 'இன்டர்வியூ' என்று காதில் விழுந்தாலே உள்ளங்கை வியர்க்கிற ஒரு கூட்டம், விளையாடி விளையாடியே வாய் திறந்ததைக் கூட இருந்து பார்த்தவள் நான். அந்தக் கூட்டத்தில் நானும் ஒருத்தி. அதனால் இந்தக் கட்டுரையில் நிதானத்தை எதிர்பார்க்காதீர்கள். எனக்கு இது அவ்வளவு பிடித்துப்போய்விட்டது.

கட்டியங்காரன் யார் என்று புரிய, முதலில் கூத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் கோடை வந்தால் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும். பகலில் பிரசங்கம், ராத்திரியில் கூத்து. கடைசி நாள் படுகளம். மண்ணால் செய்த பிரம்மாண்டமான துரியோதனன் தரையில் மல்லாந்து கிடப்பான். கூத்து தொடங்க இரவு பத்து மணிக்கு மேல் ஆகும், முடியும்போது விடிந்திருக்கும். ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணை, தாளம். அந்தச் சத்தத்துக்கு நடுவே ஒரு ராஜா எப்படிச் சபைக்கு வருகிறார், கவனித்திருக்கிறீர்களா?

நேராக வந்துவிட முடியாது. இரண்டு பேர் திரை பிடிப்பார்கள். கிரீடமும் புஜக்கட்டையும் மார்புப் பதக்கமும் கட்டிக்கொண்டு கர்ணனோ துரியோதனனோ பின்னால் நிற்பார். திரைக்குப் பின்னாலிருந்தே பாட்டு. கொஞ்சம் தலை தெரியும், கொஞ்சம் கால் தெரியும். திரை விலகினால் அங்கே, சபையைச் சிரிக்க வைக்கிற கட்டியங்காரன் நிற்பான். யார் நீங்கள், எந்த நாடு, யாருடைய பிள்ளை, என்ன பராக்கிரமம், எதற்காக இந்தச் சபைக்கு வந்தீர்கள் என்று கேட்பான். அஸ்தினாபுரத்துச் சக்கரவர்த்தியாகவே இருந்தாலும் செல்ஃப் இன்ட்ரோ கொடுக்காமல் உள்ளே வர முடியாது!

இதை நான் உணர்ந்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்', 'இந்த வேலைக்கு ஏன் வந்தீர்கள்', 'உங்கள் பலம் என்ன' என்று எச்.ஆர். கேட்கிற அத்தனையையும் எங்கள் கட்டியங்காரன் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறான். அதுவும் மரியாதையாகவா கேட்கிறான்? துரியோதனனைப் பார்த்து, 'மாடு தேடி வந்தியா?' என்று கேட்கக்கூடியவன் அவன். ரேஷன் கடை அரிசி, பஞ்சாயத்துத் தண்ணீர்க் குழாய், முன்வரிசையில் தூங்குகிற தாத்தா என்று எதை வேண்டுமானாலும் நடுவில் இழுப்பான். ராஜா வேஷம் கட்டியவர் கோபித்துக்கொண்டு போய்விட முடியாது. 'ஸ்கிரிப்டில் இது இல்லையே' என்று விழிக்கவும் முடியாது. ராஜாவாகவே நின்று, அந்தக் கணத்திலேயே பதில் சொல்ல வேண்டும்.

நேர்காணலுக்கு இதைவிடப் பொருத்தமான பயிற்சி உலகத்தில் இருக்கிறதா, சொல்லுங்கள்!

எங்களுக்கு வாய்த்தவர் என் தோழியின் பெரியப்பா. பல வருஷம் கட்டியங்காரன் வேஷம் கட்டியவர். அவள் பெரியப்பா என்று கூப்பிட, மற்ற எல்லோருக்கும் அவர் வாத்தியார். கட்டுரையில் பெயரைப் போடட்டுமா என்று கேட்டேன். "கட்டியங்காரனுக்கு ஏது கண்ணு பேரு? போற ஊருக்கு ஒரு பேரு" என்று சிரித்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், வெயில் தணிந்த பிறகு, தோழி வீட்டு மொட்டை மாடியில் கூடுவோம். பாலிடெக்னிக் முடித்த தம்பி ஒருவன், நர்சிங் படித்த பெண், பி.இ. முடித்துவிட்டு வீட்டில் இருப்பவள், கல்யாணத்துக்குப் பிறகு வேலையை விட்டுவிட்டு மறுபடி வேலை தேடுகிற ஓர் அக்கா. எல்லோரிடமும் மனப்பாடப் பதில் இருந்தது. எல்லோருடைய பதிலும் ஒன்றாகவே இருந்தது. 'கடின உழைப்பாளி, விரைவாகக் கற்பவர், குழுவாக வேலை செய்பவர்.' வாத்தியார் அதைப் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "ஏம்மா, இத்தன பேரும் ஒரே ஆத்தா வயித்துப் புள்ளைங்களா?" என்றார். அதோடு அந்தப் பதில்களுக்குச் சங்கு ஊதியாகிவிட்டது.

முதல் ஆட்டம் திரை. அந்த அக்கா பின்னால் போய் நின்றார். வாத்தியார் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு ஆளே மாறிப்போனார்.

"யாரது தெரைக்குப் பின்னால? சத்தம் வருது, ஆளக் காணோம்!"

"நான்தான் வாத்தியாரே."

"நான்தான்னா? ஊர்ல எல்லாரும் நான்தான். கரண்டு பில்லு கட்டாத நானா, பக்கத்து வூட்டு முருங்கக்காயப் பறிச்ச நானா?"

அக்கா ஒரு நொடி திணறினார். பிறகு திரைக்கு மேல் தலையை நீட்டி, "முருங்கக்காயப் பறிச்ச நான்தான். ஏணி இல்லாம பறிச்சேன். கேட்டவங்களுக்கெல்லாம் பங்கு போட்டுக் குடுத்தேன். கணக்கு எழுதி வெச்சிருக்கேன், பாக்கறீங்களா?" என்றார்.

மாடியே அதிர்ந்தது. வாத்தியார் கட்டியங்காரனாகவே, "அடேங்கப்பா! திருடினதுக்கே கணக்கு வெக்கறவ, சம்பளம் குடுத்தா எப்பிடி வெப்பா!" என்றார். அக்கா வேலை தேடிக்கொண்டிருந்தது கணக்குப் பிரிவில். எந்தப் பயிற்சிப் புத்தகம் அந்தப் பதிலை அவருக்குத் தந்திருக்கும்?

இந்த ஆட்டத்துக்கு ஒரு வரிசை உண்டு. முதல் சுற்றில் நீங்கள் நீங்களாக இருக்கக் கூடாது. பீமனாகவோ, ஏகாம்பரநாதர் கோயில் மாமரமாகவோ, பேருந்து நிலையத்து டீக்கடை பாய்லராகவோ திரைக்கு வெளியே வர வேண்டும். பாய்லர் என்றால் பாய்லருக்குரிய கம்பீரத்தோடு வந்து, எத்தனை பேரைக் காலையில் எழுப்பி வேலைக்கு அனுப்புகிறேன் தெரியுமா என்று பேச வேண்டும். இரண்டாவது சுற்றில் அதே நடை, அதே குரல், அதே நிமிர்வு. ஆனால் இப்போது சொல்ல வேண்டியது உங்கள் சொந்தப் பெயர், சொந்தப் படிப்பு. தன்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல நம் வீடுகளில் யாரும் பழக்குவதில்லை. பாய்லராக இருந்தபோது வந்த நிமிர்வு, நானாக மாறிய பிறகும் முதுகில் ஒட்டிக்கொண்டே இருந்தது. அது தருகிற சந்தோஷத்தை எழுத்தில் எப்படிச் சொல்வது என்றே தெரியவில்லை!

அடுத்தது 'ஆமாம், அதோட' ஆட்டம். எதிரில் இருப்பவர் என்ன சொன்னாலும் மறுக்கக் கூடாது. ஆமாம் என்று ஏற்றுக்கொண்டு, கூட ஒன்றைச் சேர்க்க வேண்டும். "போன ஜென்மத்துல நீ வரதராஜர் கோயில் யானையாமே?" "ஆமாம். அதோட, கருட சேவைக்குக் கூட்டத்த ஒழுங்குபடுத்தினதே நான்தான்." "ஒரு தடவ பாகனையே தூக்கி எறிஞ்சியாமே?" "ஆமாம். அதோட, அவர் விழுந்த எடத்துல வைக்கோல் போர் இருக்கறத பாத்துட்டுத்தான் எறிஞ்சேன்."

கேட்கச் சின்னப்பிள்ளை விளையாட்டாக இருக்கும். இதே ஆட்டத்தில் யானையை எடுத்துவிட்டு மதிப்பெண் பட்டியலை வைத்துப் பாருங்கள். "ரெண்டாவது செமஸ்டர்ல ரெண்டு அரியர் இருக்கே?" நாக்கு ஒட்டிக்கொள்கிற கேள்வி. ஆட்டம் பழகிய வாய் தானாகச் சொல்கிறது: "ஆமாம் சார். அதோட, அந்த ரெண்டையும் அடுத்த முயற்சியிலயே முடிச்சேன். எப்படிப் படிக்கணும்னு அப்பத்தான் புரிஞ்சுது." மறுப்பும் இல்லை, மழுப்பலும் இல்லை. கேட்டவர் கையில் இருந்த கல்லை வாங்கி நம் வீட்டுப் படிக்கட்டில் வைத்துவிடுகிற வித்தை இது.

மூன்றாவது, எங்கள் எல்லோருக்கும் உயிரான ஆட்டம்: பிதற்றல். நேர்காணல் எடுப்பவர் எந்தப் பாஷையும் இல்லாத பாஷையில் கேட்பார். 'லாபுக்கா தொம்பரி ஜில்மா?' என்பது போல. பக்கத்தில் ஒருவர் அதை மொழிபெயர்ப்பார். பதில் சொல்பவரும் பிதற்றலிலேயே, ஆனால் முழு நம்பிக்கையோடு, கண்ணைப் பார்த்து, கையை ஆட்டிச் சொல்ல வேண்டும். தமிழ் மீடியத்தில் படித்தவர்களுக்கு இது வரப்பிரசாதம். இங்கிலீஷில் கேட்டுவிடுவார்களோ என்ற பயம்தானே பாதிப் பேரைச் சாய்க்கிறது? அர்த்தமே இல்லாத மொழியில் நிமிர்ந்து பேசத் தெரிந்தவளுக்கு, அர்த்தம் உள்ள அரைகுறை இங்கிலீஷில் பேசுவதா கஷ்டம்? நர்சிங் படித்த பெண் பிதற்றலில் ஊசி போடும் முறையை விளக்கிய அன்று நாங்கள் சிரித்த சிரிப்பில் கீழ்வீட்டு ஆயா என்னவோ ஏதோ என்று படியேறி வந்துவிட்டார். அப்படியே உட்கார்ந்து கடைசி வரைக்கும் பார்த்துவிட்டு, "எனக்கும் ஒரு வேல போட்டுக் குடுங்கடி" என்று கேட்டுவிட்டுத்தான் போனார்.

நான்காவது, ஆளுக்கு ஒரு வார்த்தையாகக் கதை சொல்வது. வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவரும் ஒரே ஒரு வார்த்தை சேர்க்க வேண்டும். தமிழில் இதை ஆடுவது தனிச் சுகம். வினைச்சொல் கடைசியில் வருகிறதல்லவா? 'காமாட்சியம்மன் - கோயில் - வாசலில் - கலெக்டர் - தேங்காயை' என்று வந்து நிற்கும். உடைத்தாரா, திருடினாரா, விற்றாரா என்பது கடைசி ஆள் கையில்! எனவே யாரும் தன் வார்த்தையை முன்கூட்டியே தயார் செய்து வைத்திருக்க முடியாது. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டே ஆக வேண்டும். நேர்காணலில் பலர் கோட்டை விடுவது இங்கேதான். கேள்வி முடிவதற்கு முன்பே மனதுக்குள் பதிலைத் தேடத் தொடங்கிவிடுகிறோம். கேட்டது ஒன்று, சொன்னது ஒன்று என்று ஆகிவிடுகிறது. குழு விவாதத்துக்கு இந்த ஆட்டத்தைவிடச் சிறந்த பயிற்சி கிடையாது.

எல்லா ஆட்டத்துக்கும் பொதுவாக ஒரு சட்டம்: தடுமாறினால் தலைகுனியக் கூடாது. இரண்டு கையையும் தூக்கி, "சபாஷ் எனக்கே!" என்று கத்த வேண்டும். மற்றவர்கள் கைதட்ட வேண்டும். தப்பு செய்தால் திட்டு விழும் என்றே பழகிய உடம்பு, தப்புக்குக் கைதட்டல் கிடைக்கத் தொடங்கியதும் எவ்வளவு சீக்கிரம் தளர்ந்து இளகுகிறது தெரியுமா? அக்காவின் குரல் ஒரு கட்டை கீழே இறங்கி, அவருடைய சொந்தக் குரலாக ஒலித்ததை நாங்கள் எல்லோரும் கேட்டோம்.

இனி, எனக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும். ஒரு நாள் வாத்தியார் கையில் ஒரு நாடாவோடு வந்தார். தறியில் ஊடை இழையைக் கொண்டு போகிற நாடாதான். 'இதை வைத்து ஏதாவது விற்பனை செய்' என்பது ஆட்டம். ஒருவன் அதைப் படகாக விற்றான், ஒருத்தி காது கேட்கும் கருவியாக விற்றாள். என் முறை வந்ததும் அதைக் கையில் வாங்கினேன். வாங்கியதும் என்னென்னவோ ஞாபகம் வந்துவிட்டது. கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் இழைக்கு இழை கோர்க்க வேண்டும். அதற்கு மூன்று நாடா ஓடும். நெய்கிறவர் ஒருவரால் முடியாது. மறுபக்கம் ஓர் ஆள் உட்கார்ந்து நாடா தள்ள வேண்டும். பள்ளிக்கூட விடுமுறைகளில் அப்பாவுக்கு அந்த மறுபக்கத்து ஆள் நான்தான். "இது நாடா இல்ல, கூப்பிடாமலே எதிர்ல இருக்கறவங்க மனசப் படிக்கற மிஷினு. அப்பா காலு மிதிக்கற சத்தத்த வெச்சே அடுத்தது என்னன்னு எனக்குத் தெரியும்" என்று நான் விற்கத் தொடங்கினேன்.

வாத்தியார் சிரிக்கவில்லை. துண்டை அவிழ்த்தார். "இத இன்டர்வியூல சொன்னியா கண்ணு இதுவரைக்கும்?" என்றார்.

எப்படிச் சொல்வேன்? நெசவுக்கும் அக்கவுன்ட்ஸ் வேலைக்கும் என்ன சம்பந்தம் என்றுதானே நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம்! அடுத்து நான் போன நேர்காணலில், குழுவாக வேலை செய்ததற்கு ஓர் உதாரணம் கேட்டார்கள். கோர்வையைச் சொன்னேன். எதிரில் இருந்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, எப்படிக் கோர்ப்பது என்று ஒரு தாளில் வரைந்து காட்டச் சொன்னார். வரைந்தேன். ஒரு இழை தவறினால் என்ன ஆகும் என்று கேட்டார். கரை பிரிந்துவிடும், அதனால் ஒவ்வொரு இழைக்கும் எதிர் ஆளின் கையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றேன். பேச்சு அங்கிருந்து மாதாந்திரக் கணக்கைச் சரிபார்ப்பதற்குப் போனது. எனக்கு இன்டர்வியூவில் உட்கார்ந்திருக்கிற நினைப்பே இல்லை. வேலை கிடைத்தது. சந்தோஷத்தில் வீட்டுக்கு வருகிற வழியில் இட்லிக்கடையில் வாத்தியாருக்குக் காஞ்சிபுரம் இட்லி கட்டி வாங்கிக்கொண்டு ஓடினேன்!

விளையாட்டு என்ன செய்தது என்று யோசித்தால் இதுதான் தெரிகிறது. என்னிடம் இல்லாத எதையும் அது கொடுக்கவில்லை. இருப்பதையே வெளியே எடுத்துக் கொடுத்தது. யோசித்து எழுதிய பதிலில் வராத கோர்வை, யோசிக்க நேரம் இல்லாதபோது கையோடு வந்துவிட்டது.

"திடீர்னு தோணறத பேசினா பொய் பேசற மாதிரி ஆயிடாதா?" என்று பாலிடெக்னிக் தம்பி ஒருமுறை கேட்டான். வாத்தியார் சொன்ன பதிலை நான் கல்வெட்டிலேயே வெட்டி வைப்பேன். "கட்டியங்காரன் எத வேணா நையாண்டி பண்ணுவான் தம்பி. ஆனா திரௌபதி துகிலுல கிருஷ்ணன் பொடவ குடுக்காம வுட்டா ஊரு சும்மா இருக்குமா? கதைய மாத்தக் கூடாது. கத தெரிஞ்சவன்தான் வெளையாட முடியும்." அவ்வளவுதான். நீங்கள் படித்தது, வேலை செய்தது, வாங்கிய மதிப்பெண் எல்லாம் கதை. அதில் கை வைக்கக் கூடாது. அதைச் சொல்கிற விதம்தான் விளையாட்டு. படிக்காத பாடத்தை எந்த ஆட்டமும் படித்துத் தராது. தெரியாத கேள்வி வந்தால், 'தெரியாது சார், ஆனா இப்படித் தேடிக் கண்டுபிடிப்பேன்' என்று கழுத்து குனியாமல் சொல்ல மட்டும் அது கற்றுத் தரும். அதுவே பெரிய விஷயம்.

எங்கள் ஊர் சங்கீதக்காரர்களிடம் கேட்டாலும் இதையே சொல்வார்கள். காஞ்சிபுரம் நயினா பிள்ளை லயத்திலும் கற்பனை ஸ்வரத்திலும் புலி என்று பெயர் வாங்கியவர். அவர் கச்சேரிகளைக் கேட்டு வளர்ந்தவர் டி.கே. பட்டம்மாள். கற்பனை ஸ்வரம் அந்தக் கணத்தில் பிறப்பதுதான்; ஆனால் ஆண்டுக்கணக்கில் சாதகம் செய்த தொண்டையில்தான் பிறக்கும். தாளம் தப்பவும் கூடாது, முன்பே எழுதி வைத்துப் பாடவும் கூடாது. நேர்காணலும் அப்படித்தான்.

நகைச்சுவையும் குறுக்கு விசாரணையும் இந்த ஊருக்குப் புதிதல்ல. 7-ஆம் நூற்றாண்டில் இங்கிருந்து ஆண்ட மகேந்திரவர்ம பல்லவன் எழுதிய 'மத்தவிலாசப் பிரகசனம்' காஞ்சித் தெருவிலேயே நடக்கிற நாடகம். ஒரு காபாலிகனின் கபாலம் காணாமல் போகிறது. எதிரே வந்த புத்த பிட்சுவைப் பிடித்துக்கொண்டு அவன் நடத்துகிற விசாரணை இருக்கிறதே, எந்த எச்.ஆர். ரவுண்டும் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. கடைசியில் பார்த்தால் கபாலத்தைத் தூக்கிக்கொண்டு போனது ஒரு நாய்!

கூத்துக் கலையும் இங்கே வெறும் பழங்கதை இல்லை. பெருங்கட்டூர் ராஜகோபாலும் ஆய்வாளர் ஹன்னே டி புரூயினும் முன்நின்று 1990-இல் காஞ்சிபுரத்தில் கட்டைக்கூத்துச் சங்கத்தைத் தொடங்கினார்கள். 2002-இல் பக்கத்துப் புஞ்சரசந்தாங்கலில் குருகுலம் வந்தது. பள்ளிப் படிப்பையும் கூத்தையும் அங்கே பிள்ளைகள் சேர்ந்தே கற்றார்கள். ஆண்கள் மட்டுமே ஆடிவந்த கூத்தில் பெண்பிள்ளைகளும் வேஷம் கட்டினார்கள். செய்யாறு பக்கத்துப் புரிசையில் கண்ணப்பத் தம்பிரான் குடும்பம். அவரிடம் கற்ற கூத்தைத்தான் ந. முத்துசாமி 1977-இல் சென்னையில் தொடங்கிய கூத்துப்பட்டறை நவீன நாடகத்துக்குள் கொண்டுபோனது. பசுபதியும் கலைராணியும் அங்கே நடிப்புப் பழகியவர்கள். விஜய் சேதுபதி அங்கே கணக்கு எழுதுகிற வேலையில் இருந்துகொண்டே நடிகர்களைக் கவனித்தவர். கணக்குப் பிரிவுக்காரி என்ற முறையில் எனக்கு அதில் ஒரு தனிப் பெருமை!

வெளிநாடுகளிலும் இதே விளையாட்டை வேறு வழியில் கண்டுபிடித்திருக்கிறார்கள். சிகாகோவில் வயோலா ஸ்போலின் என்ற அம்மையார், குடியேறிவந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு நாடகம் சொல்லிக்கொடுக்க விளையாட்டுகளை உருவாக்கினார். 1963-இல் அவற்றைப் புத்தகமாகத் தொகுத்தார். அவர் மகன் பால் சில்ஸ் வேறு சிலரோடு சேர்ந்து 1959-இல் தொடங்கியதுதான் புகழ்பெற்ற 'செகண்ட் சிட்டி' குழு. எங்கள் பிதற்றல் ஆட்டமும் ஸ்போலின் வழியில் வந்ததே. தோழி எங்கேயோ படித்துவிட்டு வந்து சொல்ல, வாத்தியார் அதை ஒரே நாளில் தன்னுடையதாக்கிக்கொண்டார். லண்டன் ராயல் கோர்ட் தியேட்டரில் முன்பு இருந்த கீத் ஜான்ஸ்டன் 1979-இல் எழுதிய 'இம்ப்ரோ'வில், எஜமானும் வேலைக்காரனும் யார் உயர்த்தி யார் தாழ்த்தி என்று மாறி மாறி ஆடுகிற ஆட்டம் வருகிறது. அதைக் கேட்டதும் வாத்தியார், "இத நாங்க ராத்திரி பூரா பண்றமே!" என்று துண்டை உதறினார். மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். எழுதி வைத்த வசனத்தைப் பேசியவர்களைவிட, வெறும் 20 நிமிஷம் இப்படி உடனுக்குடன் விளையாடியவர்களுக்கு, அடுத்து என்ன வருமோ என்ற நிலையைத் தாங்கும் பக்குவம் கூடியிருந்ததாம். இருபது நிமிஷம்! ஒரகடம் பஸ்ஸுக்குக் காத்திருக்கிற நேரம்கூட இல்லை.

ஒரகடம் என்றதும் இன்னொன்று. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஓடத் தொடங்கியதிலிருந்து எங்கள் மாவட்டத்தின் முகமே மாறிவிட்டது. ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம் என்று கம்பெனி பஸ்கள் விடியற்காலையிலேயே ஊருக்குள் வந்து நிற்கின்றன. தறியில் உட்கார யாரும் யாரையும் நேர்காணல் எடுத்ததில்லை. அப்பா உட்கார்ந்தார், பிள்ளையும் உட்கார்ந்தது. எங்கள் தலைமுறைதான் முதன்முதலாக அந்நியர் முன்னால் போய், நான் யார் என்று சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்கான பயிற்சி பக்கத்து ஊர் அம்மன் கோயில் வாசலிலேயே ராத்திரி பூரா இலவசமாக நடந்துகொண்டிருக்கிறது. நாமோ மனப்பாடம் செய்ய வீடியோ தேடிக்கொண்டிருக்கிறோம்.

அம்மாவுக்கு மட்டும் ஒரு சந்தேகம் இருந்தது. "இப்பிடியே வெளையாட்டாப் பேசினா, போற எடத்துல திமிரு புடிச்சவன்னு சொல்ல மாட்டாங்களாடி?" நியாயமான கேள்விதான். ஆனால் கூத்தை உற்றுப் பாருங்கள். சிரிக்க வைப்பது கட்டியங்காரனுடைய வேலை. நேர்காணலில் நமக்கு அந்த வேஷம் கிடையாது. நமக்கு ராஜா வேஷம். எத்தனை கோணலாகக் கேள்வி வந்தாலும் கிரீடம் சாயாமல் நிற்பதுதான் அந்த வேஷத்தின் கௌரவம். மாடியில் நாங்கள் அடிக்கிற கூத்தெல்லாம் அந்த அமைதி வருவதற்காகத்தான். பாலிடெக்னிக் தம்பி வேலைக்குச் சேர்ந்த இடத்தில், பேச்சில் பதற்றமே இல்லையே என்று பாராட்டினார்களாம். மாடியில் அவன் எத்தனை முறை பாய்லராக நின்று கொதித்தான் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்!

உங்களுக்கு ஒரு வாத்தியார் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. வீட்டில் குறும்பு பிடித்த சித்தப்பா ஒருவர் இருப்பார். அவர் தலையில் துண்டைக் கட்டுங்கள். உங்களைத் தவிர மூன்று பேர் போதும்: திரை பிடிக்க இரண்டு பேர், கேள்வி கேட்க ஒருவர். முதல் சுற்று வேறு யாராகவோ, இரண்டாவது சுற்று நீங்களாக. கேலி பண்ணலாம், புண்படுத்தக் கூடாது. சாதி, நிறம், உடம்பு பக்கம் போகக் கூடாது. தடுமாறினால் கைதட்டல். ஆட்டம் முடிந்ததும் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து, உங்களை அறியாமல் வாயில் வந்த உண்மைச் சம்பவங்களை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் கோர்வை அதில்தான் இருக்கும். கோடையில் கூத்து எங்கே நடக்கிறது என்று விசாரித்து ஒரு ராத்திரியாவது முழுக்க உட்கார்ந்து பாருங்கள். அதுவும் கட்டியங்காரனைப் பார்க்கிற நேரத்தைவிட, அவனுக்குப் பதில் சொல்கிற ராஜாவை அதிகம் பாருங்கள்.

எங்கள் மாடியில் இப்போது இடமே போதவில்லை. கீழ்வீட்டு ஆயா முன்வரிசையில் நிரந்தரமாகப் பாய் போட்டுவிட்டார். நீங்கள் உங்கள் மாடியில் தொடங்குங்கள். முதல் கேள்வியை நானே தந்துவிடுகிறேன்: "யாரது தெரைக்குப் பின்னால? காந்தி ரோட்டுல அத்தன பட்டுப் பொடவையும் பிரிச்சுப் போடச் சொல்லிட்டு ஒண்ணும் வாங்காம ஓடிப்போனது நீதானா?" 'ஆமாம், அதோட' என்று ஆரம்பியுங்கள், பார்க்கலாம்!